பந்தயப் பொறியும் அதன் பாகனும்

கம்பம் பள்ளத்தாக்கிலே பல்லவராயன்பட்டியையும் அய்யம்பட்டியையும் சல்லிக்கட்டால் அறியாதார் இலர். வாடிவாசலினின்று ஒரு காளை வெளிப்பட்டுக் கூட்டத்தைக் கடந்து மறைவதற்கு ஆகும் காலம் சில நொடிகளே. அச்சில நொடிகளின்பொருட்டு அதனை உடையவன் ஆண்டு முழுவதும் செய்யும் ஊழியத்தை அயலார் அறிதல் அரிது. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறவைத்துக் கொடுக்கின்றான். முல்லையாற்றிலே நீந்த விடுகின்றான். மண்மேட்டைக் கொம்பாற் குத்தப் பழக்குகின்றான். குளம்பில் ஒரு முள் தைத்தால் தன் காலில் தைத்ததுபோல் துடிக்கின்றான். சல்லிக்கட்டு முடிந்த மறுநாளே கயிற்றை அவிழ்த்துக் காளையைத் தெருவில் துரத்திவிட்டு, 'இனி அடுத்த தைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்பான் ஒருவன் இருப்பானாயின் அவனை அவ்வூரார் மனிதருள் வைத்து எண்ணார். நம் கலாசாலைகளிலும் பள்ளிகளிலும் மாணாக்கர் குழுக்கள் போட்டிக்கென்று செய்யும் ரோபோக்களை நாமோ அவ்வாறே நடத்திவருகின்றோம். பல மாதம் உறக்கமின்றிச் செய்வது. மூன்று நிமிடம் ஓட்டுவது. திரும்பி வந்தவுடன் மூலையில் நிறுத்துவது. அடுத்த ஆண்டு வந்ததும் அதன் மோட்டார்களைப் பிடுங்கிக்கொண்டு கூட்டை விட்டுவிடுவது. இவ்வழக்கம் தவறு என்பதும், போட்டியில்லாக் காலத்திற்றான் இப்பொறிகளுக்கு மெய்யான பணி உள்ளது என்பதும், அப்பணிக்கு அவற்றை உயிரோடு வைத்திருக்க ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதும் என் கருத்து.

தமிழ் பயிலும் உனக்குச் சக்கரத்தோடும் திருகாணியோடும் என்ன உறவு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். பௌதிகப் பகுதித் தோழர்கள் தம் பொறியைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டு செல்லும்போது, அதனைச் சிறுவர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்க ஒருவன் வேண்டுமென்று என்னை உடன் அழைத்துச் சென்றனர். யானும் அப்பள்ளத்தாக்கிற் பிறந்தவனாதலின் விரும்பியே சென்றேன். சொல்லின்பொருட்டுப் போனவன் பாட்டரியைப் பற்றி எழுதும்படி ஆயிற்று.

ரோபோ என்றவுடன் நம்மவர்க்கு நினைவு வருவது 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'எந்திரன்' திரைப்படமே. அப்படத்திலும் அந்த இயந்திர மனிதன் இறுதியில் கழற்றப்பட்டுக் காட்சிசாலையில் வைக்கப்படுகின்றான் என்பது ஈண்டுக் கருதத்தக்கது! போட்டிப் பொறிகளுக்கோ மனித வடிவம் வேண்டுவதில்லை. காரல் சாபெக் என்னும் செக் நாட்டு ஆசிரியர் 1920இல் வெளியிட்ட நாடகத்தினின்றே 'ரோபோ' என்னும் பெயர் உலகிற் பரவிற்று. கட்டாய வேலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது பிறந்ததென்பர். மாணாக்கர் செய்யும் ரோபோ அலுமினியச் சட்டமும், நான்கு சக்கரமும், ஒன்றிரண்டு கைகளும், வயர்களின் சிக்கலும் உடையதொரு வண்டி. பார்ப்பதற்கு அழகில்லை, ஆயினும் சொன்ன வேலையைச் செய்யும்.

ஆசிய பசிபிக் ஒலிபரப்புச் சங்கத்தார் இப்பொறிகளுக்கென்று ரோபோகான் என்னும் போட்டியை 2002இல் டோக்கியோவிலே தொடங்கினர். அது முதல் ஆண்டுதோறும் ஒரு நாடு அதனை ஏற்று நடத்துகின்றது. நடத்தும் நாட்டின் வாழ்க்கையினின்றோ விளையாட்டினின்றோ ஒரு கருத்தைப் போட்டியின் பொருளாக வைப்பது மரபு. நம் நாட்டில் அது 2008இலும் 2014இலும் புனேயில் நடைபெற்றது. 2022இல் புது தில்லியில் நடந்தபோது 'லகோரி' என்னும் விளையாட்டையே பொருளாக வைத்தனர். நம் ஊர்த் தெருக்களிலே ஏழுகல் என்று பிள்ளைகள் ஆடுவதும் அதுவே. 2024இல் வியட்நாமில் நடந்தபோது வைத்த பொருள் நெல் விளைவு: பொறி நாற்றுப் போன்றவற்றை எடுத்து வரிசையில் நிறுத்த வேண்டும், விளைவைப் பொறுக்கிக் களஞ்சியத்திற் சேர்க்க வேண்டும். ஒரு போட்டியின் விதிகள் அடுத்த ஆண்டிற்கு உதவா. 2025இல் மங்கோலியாவிலே கூடைப்பந்து வந்துவிட்டது. ஆகவே பழைய பொறிக்குப் போட்டியில் இனி இடமில்லை. அதன் வாழ்வு அவ்வளவோடு முடிந்தது என்று கருதுவதற்குக் காரணமும் இதுவே.

அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு 1992 முதல் பள்ளி மாணாக்கர்க்கு ரோபோப் போட்டி நடத்திவருகின்றது. அங்கே நெடுங்காலம் ஒரு விசித்திர விதி இருந்தது. ஆறு வாரம் கழிந்ததும் பொறியைப் பெரிய நெகிழிப் பையிலிட்டு முத்திரையிட்டுவிட வேண்டும். போட்டிக் களத்திற்றான் பிரிக்கலாம். 2020ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அவ்விதி எடுபட்டது. யான் சொல்ல வந்தது வேறொன்று. அப்போட்டியின் தலையாய பரிசு ஓட்டத்தில் வென்ற குழுவிற்கு உரியதன்று. தன் ஊராரிடையே அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் சிறப்பாகப் பரப்பிய குழுவிற்கு உரியது. எனவே அங்குள்ள குழுக்கள் போட்டியில்லாத மாதங்களிலே பொறியை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கும் நூலகத்திற்கும் சந்தைக்கும் செல்கின்றன. அதற்கென்றே அதனைப் பேணுகின்றன. ஊராரிடம் செல்லும் உழைப்பிற்கும் மதிப்பெண் உண்டென்றால், பொறியைப் பேணும் உழைப்பும் தானே வந்துவிடுகின்றது.

நம் பக்கத்தில் இத்தகைய செலவு எதற்கு என்று கேட்பார்க்கு அப்பள்ளத்தாக்கையே விடையாகக் காட்டுவேன். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீரால் அங்கே 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகின்றது. கூடலூர் முதல் சின்னமனூர்க்கு அப்பாலும் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும் தொடர்ந்து கிடக்கும். அவ்வூர்ப் பிள்ளைகள் பொறியறியாதவர் அல்லர். பம்புசெட்டைக் கழற்றி மாட்டுவர். டிராக்டரின் ஒலி கேட்டே அதன் நோயைச் சொல்வர். ஆனால் தம்போன்ற பிள்ளைகள் தம் கையாற் செய்த ஒரு ரோபோ கண்ணெதிரே ஓடக் கண்டதில்லை. புனேக்கும் தில்லிக்கும் சென்று போட்டியைக் காண அவர்களால் இயலாது. போட்டிதான் அவர்களிடம் வரவேண்டும். அது வருவதற்கு உள்ள ஒரே வழி, போட்டி முடிந்த பொறி ஊருக்குள் வருவதே.

அரசினரும் இக்கருத்தை அறிந்தே இருக்கின்றனர். தமிழ்நாட்டரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் எளிய சோதனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்குச் சென்று ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகின்றனர். பெட்டியில் அடங்கும் சோதனையை அவர்கள் கொண்டு செல்லலாம். முப்பது கிலோ எடையுள்ள ரோபோவைக் கொண்டு செல்ல வேண்டியவர் நாமே.

சென்ற வேண்டாத நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். கம்பத்திற்குத் தெற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் விழா. வேறொரு நிறுவனத்தார் (பெயர் வேண்டா) தம் பரிசு பெற்ற ரோபோவைக் கொணர்ந்திருந்தனர். யான் பார்வையாளனாகவே போயிருந்தேன். இருநூறு பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வெயிலென்றும் பாராமல் அமர்ந்திருந்தனர். விசையை அழுத்தினார்கள், ஒரு சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. மீண்டும் அழுத்தினார்கள். பிறகு மடிக்கணினியைத் திறந்தார்கள். அதுவோ கடவுச்சொல்லைக் கேட்டது. அதனை அறிந்தவர் படிப்பு முடித்து ஓசூரிலே வேலையில் இருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை. அரைமணி நேரம் கழிந்தது. முதல் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி அண்மையில் நின்ற என்னை நோக்கி, "அண்ணே, இது செத்துப்போச்சா?" என்றாள். இல்லையம்மா, தூங்குகிறது என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. பின்னர்ப் பொறியைச் சுற்றி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு அனைவரும் கலைந்தனர். அப்பிள்ளைகள் அன்று கற்றது, இவையெல்லாம் படத்தில் ஓடும், நம் ஊரில் ஓடா என்பதே. பொறியைக் கொண்டு வராமலே இருந்திருந்தால் இத்தீங்கு நேர்ந்திராது. பேணாத பொறியைக் காட்டுதல் ஒன்றும் காட்டாமையினும் கேடு என்று யான் கருதலானது அன்றுமுதல்.

நிற்க. பொறியைப் பேணுதல் என்றால் யாது? துணியால் துடைத்து வைப்பதென்றே பலர் எண்ணுகின்றனர். பௌதிகத் தோழர் எனக்குக் கற்பித்தவற்றுட் சிலவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது பாட்டரி. போட்டியில் எடைக்கு வரம்பு உண்டாதலின் இலேசான லிதியம் பாலிமர் பாட்டரியையே பெரும்பாலும் பூட்டுவர். அதன் ஒவ்வொரு செல்லும் முழுமையாக மின்னேறியபோது 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டிற்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். இதனை அறியாதார் இலர். ஆனால் நிறைய மின்னேற்றி அப்படியே பல மாதம் வைத்தாலும் அது கெடும் என்பதைப் பலர் அறியார். நெடுநாள் வைப்பதாயின் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவிலே நிறுத்தி, வெயில் படாத இடத்தில், தீப்பற்றாத பெட்டியில் வைக்க வேண்டும். உப்பிப்போன பாட்டரியை மீண்டும் மின்னேற்றத் துணிவது உயிரோடு விளையாடுவதாகும். ஈய அமில பாட்டரியின் குணம் இதற்கு நேர்மாறு. அதனைக் குறைவாக மின்னேற்றி வைத்தால் உள்ளிருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போம். எப்பொழுதும் நிறைத்தே வைக்க வேண்டும். பயன்படுத்தாவிடினும் சில மாதத்திற்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும். ஒன்று நிறைந்திருந்தால் கெடும், மற்றொன்று நிறையாதிருந்தால் கெடும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போகும் குழுவின் கதியை என்னென்பது! ஊர்களுக்குக் கொண்டு சென்று காட்டும் பொறிக்கு எடை வரம்பு ஏதுமில்லை. ஆதலின் போட்டி முடிந்தவுடன் லிதியத்தை எடுத்துவிட்டு, தக்க வோல்ட் அளவிற்கு ஈய அமில பாட்டரியைப் பூட்டுவதே தக்கது என்பது என் துணிபு. சற்று மெதுவாக ஓடும், ஓடட்டும். பிள்ளைகள் நடுவே தீப்பிடிக்கும் அச்சம் குறைவு. அரசுப் பேருந்திலும் மனக்கலக்கமின்றி அருகில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காற்று. ஆனி ஆடி மாதங்களில் மலைக்கணவாய் வழியே வந்து பள்ளத்தாக்கில் வீசும் காற்றைப் பிற மாவட்டத்தார் அறியார். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கங்களில் காற்றாலைகளை நட்டதே அதனால்தான். அக்காற்று கொணரும் மண் பேரிங்கினுள்ளும், மோட்டாரின் துளைகளுள்ளும், கோட்டைப் பார்த்து வழியறியும் உணர்விகளின்மேலும் படியும். நெகிழித்தாளாற் போர்த்தினால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பழைய வேட்டியே சிறந்தது. சக்கரங்கள் தரையிற் படாதபடி பொறியை மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் ஒரே பக்கம் தட்டையாகி, ஓடும்போது நொண்டும். பெல்ட்டுகளின் இறுக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும். காற்றழுத்தத்தால் இயங்கும் கைகள் இருந்தால் தொட்டியிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்றிவிட வேண்டும்.

திருகாணிகளின் செய்தி சுவையானது. பொறி ஓடும் அதிர்ச்சியால் அவை தளரும். நூற்றுக்கு மேற்பட்டவற்றுள் எது தளர்ந்தது என்று கண்டுபிடிப்பது எங்ஙனம்? நம் தோழர் ஒருவர் தம் தமக்கையாரின் நகச்சாயத்தை எடுத்துவந்து, ஒவ்வொரு திருகாணியின் தலையிலிருந்து சட்டம்வரை ஒரு கோடு இழுத்துவிட்டார். திருகாணி சிறிது திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். தமக்கையார் என்ன சொன்னார் என்பதை அவர் எமக்குச் சொல்லவில்லை.

இவையாவும் கைவேலை, கற்றுக்கொள்ளலாம். கடினமானது பொறியின் உள்ளே இருக்கும் கட்டளைத்தொகுதி. எழுதினவன் ஒருவன், அவன் படிப்பு முடிந்து போய்விடுவான். எந்த வயர் எதனோடு சேரும் என்பதும், எந்த எண்ணை மாற்றினால் கை எவ்வளவு உயரும் என்பதும் அவன் தலையோடு போய்விடும். கணினியைப் புதுப்பித்தால் பழைய கட்டளை புதிய நிரலகத்தோடு ஒத்துப்போகாது. இது தமிழ் மாணாக்கனுக்குப் பழகிய துயரம். ஓலை தானே நெடுநாள் நில்லாது. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்காகப் பெயர்த்தெழுதி வைத்தாலன்றி நூல் வாழாது. பெயர்த்தெழுதுவார் இல்லாமற் செல்லுக்கு இரையான ஏடுகளுக்குக் கணக்கில்லை. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கும்முன் எத்தனை ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார் என்பதை நாம் பாடமாகப் படிக்கின்றோம். நம் காலத்து நூலை நாமே செல்லுக்குக் கொடுக்கின்றோம். கட்டளைத்தொகுதியின் படியொன்று கலாசாலைக் கணினியிலும், படியொன்று பேராசிரியரிடத்தும், வயரிணைப்பின் படம் ஒன்று காகிதத்தில் பொறியின் வயிற்றிலேயே ஒட்டியும் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் ஒரு தனி மனிதனின் உடைமை ஆகலாகாது.

பொறி ஓடுவது மட்டும் போதாது; ஊராரிடையே ஓடும் முறை வேறு. போட்டிக்களத்தில் வேலியுண்டு, நடுவர் உண்டு, வேகமே வெற்றி. பள்ளி முற்றத்திலோ நான்கு வயதுக் குழந்தை ஓடிவந்து சக்கரத்தின் முன் நிற்கும். ஆகையால் அதற்கென்று தனியே ஒரு கட்டளைத்தொகுதி எழுதி வேகத்தை மூன்றிலொரு பங்காகக் குறைக்க வேண்டும். கை உயரும் எல்லையைக் கட்டிவிட வேண்டும். யாரும் எட்டி அழுத்தக்கூடிய சிவப்பு நிறுத்துவிசை மேலே இருத்தல் வேண்டும். கயிறு கட்டி இடைவெளி விட வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஓட்டும் கருவியைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாம் ஓட்ட அவர்கள் பார்ப்பதில் என்ன பயன்? சச்சந்தன் மயிற்பொறியைச் செய்வித்ததோடு நில்லாமல், தேவி விசயை அதனைத் தானே செலுத்துமாறு முன்னரே பழக்கியும் வைத்தான். ஆபத்து வந்த நாளிலே அப்பொறியைச் செலுத்தினவள் அவளே. செய்த தச்சன் அல்லன்.

நம் மாணாக்கர் 2024ஆம் ஆண்டின் நெல் விளைவு விதிகளை வைத்துச் செய்தவை இரண்டு பொறிகள். ஒன்று கழற்றப்பட்டு அதன் உறுப்புகள் புதியவற்றுள் புகுந்துவிட்டன. மற்றொன்றை யாம் நடவுப்பொறி என்கிறோம். உத்தமபாளையத்தை அடுத்த ஓர் ஊரில் அதனை ஓட்டிக்காட்டியபோது, பேரனை அழைத்துச் செல்ல வந்த மூதாட்டி ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொறி ஒவ்வொரு நாற்றாக எடுத்து நிறுத்தி வைத்தது. "ஏன் தம்பி, இம்புட்டு மெதுவா நட்டா எப்பப்பா வீடு போய்ச் சேருவாக? அதுவும் சேத்துல இது கால எடுத்து வைக்குமா?" என்றார். கூட்டம் நகைத்தது; நம் தோழரும் நகைத்தனர். ஆனால் சேற்றில் சக்கரம் புதையாதிருக்க என்ன செய்யலாம் என்று எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் அன்று மாலை வரை வாதிட்டனர். ஒருவன் டிராக்டருக்கு உழவின்போது மாட்டும் இரும்புச் சக்கரத்தைச் சொன்னான். எந்த நடுவரும் கேட்டிராத வினாவை அம்மூதாட்டியார் கேட்டார். நெல்லைப் பொருளாக வைத்த போட்டியின் பொறிக்கு நெல் விளையும் நாட்டிலே கிடைத்த மெய்யான தேர்வு அது. அன்று பாட்டரி இறங்கியிருந்தால் அவ்வினாவும் பிறந்திராது.

இனி, எதிர்ப்போர் கூற்றையும் கேட்போம். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. மோட்டாரும் அதனைக் கட்டுப்படுத்தும் மின்பலகையும் விலை மிக்கவை. பழையதிலிருந்து எடுக்காவிடில் புதியதைச் செய்யப் பணமில்லை என்கின்றனர். தேர்வுக் காலத்தில் யார் பார்ப்பது என்கின்றனர். போட்டியில் தோற்ற பொறியைக் காட்டினால் நமக்கே இழிவு என்று கூறுவாரும் உளர். இவர்க்கு விடை சொல்லுதல் வேண்டாத வேலை, சிறுவர்க்கு வெற்றி தோல்வி தெரியாது.

பணத்தைப் பற்றிய வாதமே வலியது. ஆயினும் அதன் வலிமை எல்லாப் பொறிகளையும் பேணவேண்டும் என்பாரைத்தான் தாக்கும். யான் அவ்வாறு சொல்லவில்லை. மூன்று பொறி இருந்தால் இரண்டைக் கழற்றுங்கள். ஒன்றை முழுதாக வையுங்கள். கழற்றுவதையும் படமெடுத்து, எழுதிவைத்து, முறையாகக் கழற்றுங்கள், அதுவும் கல்வியே. பாதி பிடுங்கப்பட்ட மூன்று கூடுகளை அலமாரியில் அடுக்கி, நம்மிடம் மூன்று ரோபோ உண்டு என்று ஆண்டறிக்கையில் எழுதுவதுதான் எனக்கு ஒவ்வாதது.

நடுவண் அரசு 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின்வழிப் பள்ளிகளில் அமைக்கப்பட்ட டிங்கரிங் ஆய்வகங்களுக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் என்று வகுத்தபோது, அதில் 10 லட்சத்தை அமைப்பதற்கும், மற்றை 10 லட்சத்தை ஐந்தாண்டுகள் வரை நடத்திப் பேணுவதற்கும் என்று பிரித்தனர். வாங்கும் செலவும் வைத்திருக்கும் செலவும் சமம் என்று அவ்வேற்பாட்டை வகுத்தவர் உணர்ந்திருந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. நாடெங்கும் பத்தாயிரம் ஆய்வகங்கள் எழுந்தன. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்தாண்டுகளில் மேலும் ஐம்பதாயிரம் அமைப்போம் என்றும் அறிவித்தனர். ஐந்தாண்டு கழிந்த ஆய்வகத்தின் பொறிகளை ஆறாம் ஆண்டிலே யார் பேணுவது? அப்பள்ளிகளுக்கு அண்மையிலுள்ள கலாசாலைகள் கைகொடுத்தாலன்றி வேறு வழி எனக்குப் புலப்படவில்லை. தன் பொறியையே பேணாத கலாசாலை பிறர்க்கு என்ன கைகொடுக்கும்?

யார் பார்ப்பது என்னும் வினாவிற்கு வருவோம். நம் பள்ளத்தாக்கிற்கு மேற்கே மலையைக் கடந்தால் கேரளம். அங்கே திருச்சூர் மாவட்டத்து இரிஞாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணன் கோயிலில் 2023 பிப்ரவரியில் ஓர் இயந்திர யானையை விழாவிற்கென்று கொண்டுவந்தனர். பதினோரடி உயரம், 800 கிலோ எடை; மோட்டார்களின் விசையால் தலையையும் காதையும் துதிக்கையையும் அசைக்கின்றது. மெய்யான யானையைச் சங்கிலியிற் கட்டித் துன்புறுத்தாமைக்கு அஃதொரு வழி. உதயணனைச் சிறைப்பிடிக்கப் பிரச்சோதனன் விடுத்த எந்திர யானையைப் பெருங்கதையிற் படித்த எமக்கு அச்செய்தி வியப்பைத் தரவில்லை. ஆனால் ஓர் எண்ணத்தைத் தந்தது. மெய்யான யானைக்கு மதம் பிடிக்காத நாளிலும் பாகன் உண்டு, விழா இல்லாத நாளிலும் உண்டு. இயந்திர யானைக்குப் பசியில்லை. ஆதலாற் பாகன் வேண்டாம் என்று எவரேனும் நினைத்தால் இரண்டாம் விழாவில் அதன் காது அசையாது. ரோபோவைச் செய்வதற்கு இருபது பேர் கூடுகின்றனர். பேணுவதற்கு ஒருவரும் இல்லை. எல்லார்க்கும் பொதுவான வேலை எவர்க்கும் உரியதன்று. ஆதலின் பெயர் சொல்லி இருவரைப் பாகராக வைத்தல் வேண்டும்: இரண்டாம் ஆண்டு மாணாக்கர் ஒருவர், முதலாண்டு மாணாக்கர் ஒருவர். மூத்தவர் விலகும்போது இளையவர் மூத்தவராவார். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். பொறியை ஓட்டிப் பார்த்து, மல்டிமீட்டரால் பாட்டரியை அளந்து, கண்டதைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுத வேண்டும். தேர்வு நெருங்கும் மாதத்தில் பாட்டரியை அளந்து எழுதினாற் போதுமானது. அதற்குப் பத்து நிமிடமே ஆகும். இவ்வேலைக்கு மதிப்பெண்ணோ சான்றிதழோ கொடுக்கலாமா என்பதைப் பேராசிரியர்கள் தீர்மானிக்கட்டும். கொடுத்தால் நன்று என்பேன். பந்தயத்தில் ஓட்டினவன் பெயர் பலகையில் எழுதப்படுகின்றது, பேணினவன் பெயரும் அதன் கீழே இருந்தால் பலகை கெட்டுவிடாது.

பாகர் பௌதிக மாணாக்கராகவே இருக்க வேண்டுவதில்லை. நகச்சாயக் கோடு முறிந்ததா என்று பார்ப்பதற்கு வரலாறு பயில்பவனும் தகுதியுடையவனே. பிள்ளைகளிடம் பேசுவதற்குத் தமிழ்ப் பகுதியிலிருந்து யாம் நால்வர் வர ஒப்பியுள்ளோம்.

பழைய மாணாக்கராகிய பெரியோர்க்கும் ஒரு வார்த்தை. ஆண்டுவிழாவிற்கு வந்து கட்டடத்திற்கும் வெள்ளிக் கேடயத்திற்கும் வாரி வழங்குகின்றீர்கள், நன்றியுடையோம். ஈய அமில பாட்டரி ஒன்றின் விலை, விடுதியில் ஒரு மாணாக்கன் ஒரு மாதம் உண்ணும் செலவிற்கு ஏறக்குறைய நிகர். அதன்மேல் உங்கள் பெயரைப் பொறிக்க இயலாது. இரண்டு மூன்று ஆண்டில் அது தேய்ந்தும் போம். கல்வெட்டில்லாத இக்கொடைக்கு முன்வருவார் உளரோ?

இப்பொழுது நடவுப்பொறி பௌதிகக் கூடத்தின் வடபுறச் சுவரருகே நான்கு மரக்கட்டைகளின்மேல், ஒரு பழைய வேட்டி போர்த்தி நிற்கின்றது. இடப்பக்கத்துப் பின்சக்கரத்தின் பேரிங் ஒலிக்கின்றது. அதனை மாற்ற வேண்டும். இரண்டு பாட்டரிகளுள் ஒன்று முழுதும் மின்னேறிய பின்னும் 12 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. அதனை விலக்க வேண்டும். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று வருமாறு பள்ளத்தாக்கிலிருந்து மூன்று பள்ளிகள் எழுதியிருக்கின்றன. நம்மவர் குட்டியானை என்றழைக்கும் சிறு சரக்குவண்டி ஒன்றைத் தேனியிலிருந்து பேசி வைத்திருக்கின்றோம். குறிப்பேடு பொறியின் அருகிலேயே மேசைமேல் இருக்கின்றது; முதற்பக்கத்தில் இளைய பாகரின் பெயருக்கென்று விட்ட இடம் இன்னும் வெறுமையாக உள்ளது.